இரும்புச் சட்டிக்கு இன்னொரு வேலை

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். என் கையிலிருந்த பேரீச்சம்பழ டப்பா நழுவித் தரையில் உருண்டது. நான் போட்ட கூச்சலில் மாடிப்படியில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது.

“அய்யோ, எந்தா இது!”

பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. வீட்டில் பேசுவது தமிழ், எழுதிப் பிழைப்பது தமிழ். ஆனால் பயந்துவிட்டால் மட்டும் வாயில் மலையாளம்தான் வருகிறது. ஏன் என்று எனக்கே தெரியாது.

எதைப் பார்த்து இந்தக் கூச்சல்? சொல்கிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான்கு மாதம் முன்பு இதே பக்கத்தில் இரும்புச் சட்டியைப் பற்றி எழுதியிருந்தேன் – ஞாபகம் இருக்கிறதா? கீரை, புளிக்குழம்பு எல்லாம் இரும்புச் சட்டியில் செய்யுங்கள், ரத்த சோகை உள்ள பெண்களுக்கு நல்லது என்று ஒரே உபதேசம். வாசகிகள் பலர் புதுச் சட்டியோடு போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நான்தான் இரும்பையே கண்டுபிடித்த மாதிரி ஒரு மிதப்பு.

அந்தப் பத்தியை எழுதக் காரணமே இசக்கிதான்.

இசக்கியம்மாள் எங்கள் தெருவில், பழைய சுக்கு குடோனுக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையும் சமையலறையுமான வீட்டில் குடியிருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கம். வயது இருபத்தாறு. தையல் வேலை செய்கிறாள். அவள் புருஷன் துரை, படகுத்துறை அருகே ஒரு வலைக் கடையில் வேலை பார்க்கிறான். சாதுவான பையன். அவளை ஒரு சுடுசொல் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருடம் இசக்கி உண்டானாள். மூன்றாவது மாதத்தில் கலைந்துவிட்டது. அழுது முடித்த பிறகு, அடுத்ததை ஒழுங்காகத் திட்டமிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளே தீர்மானம் செய்தாள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். குழந்தைக்கு முயற்சி செய்வதற்குச் சில மாதம் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் போட ஆரம்பிக்கச் சொன்னார்.

அவ்வளவுதான், எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு. பால் காய்ச்சாமல் குடிக்காதே. சாயாவைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே, இரும்புச் சத்து உடம்பில் சேராது. தலைவலி என்று கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதே... எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவள் சமையலறைச் சுவரில் நானே ஒட்டினேன். பிராட்வே கடைத்தெருவுக்குப் போய், பேரம் பேசி, நல்ல கனமான இரும்புச் சட்டி ஒன்றும் வாங்கிவந்து பழக்கிக் கொடுத்தேன்.

இசக்கியும் அந்தத் தாளை அப்படியே கடைப்பிடித்தாள். ஒரு நாள் கீரை, ஒரு நாள் சுண்டல். மாமியார் ஊரிலிருந்து போன் போட்டு, “விசேஷம் உண்டா?” என்று மாதாமாதம் விசாரிக்கும்போதெல்லாம், “இப்பத்தான் மாத்திரை சாப்பிட்டு உடம்பத் தேத்துதேன் அத்தே” என்று பொறுமையாகப் பதில் சொல்வாள். பார்க்கவே பெருமையாக இருக்கும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. பேரீச்சம்பழத்தோடு மாடி ஏறினேன். சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு மாதிரியான நெடி. கேஸ் அடுப்பின் ஒரு பக்கம் பால் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் நான் கொடுத்த இரும்புச் சட்டி. அதில் ஏதோ வெள்ளியைக் கரைத்து ஊற்றிய மாதிரி பளபளவென்று ஆடியது. அடுப்பு முன்னால் துரை. கையில் கரண்டி, கீழே வரிசையாக அச்சு.

“இது என்னது துரை?”

“ஈயம்க்கா” என்றான் சாதாரணமாக. “வீச்சு வலைக்கு அடியில கட்டுற குண்டு செய்யுதேன். பழைய பேட்டரில உள்ள ஈயத்த உருக்கி அச்சுல ஊத்தணும். வெளிய வச்சுத்தான் செய்வேன். மழைல முடியலைல்லா, அதான் ரெண்டு மாசமா இங்கன.”

டப்பா விழுந்தது அப்போதுதான்.

வலையின் ஓரத்தில் ஈயக் குண்டு கட்டுவது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? தண்ணீரில் வலை இறங்க வேண்டாமா? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அந்தக் குண்டை யாரோ எங்கோ உருக்கித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? அதுவும் என் தெருவில். நான் தாள் ஒட்டிய சுவருக்குக் கீழே. நான் வாங்கிக் கொடுத்த சட்டியில்!

“இந்தச் சட்டியிலயா?” சட்டியைக் காட்டிக் கேட்டேன்.

“அலுமினியச் சட்டி ஓட்ட விழுந்துட்டுக்கா. இது நல்ல கனம், சூடு தாங்குது. கழுவிட்டுத்தான் வைக்கேன்.”

துணி மடித்துக்கொண்டிருந்த இசக்கி எழுந்து வந்தாள். “ஆமாக்கா. ஈயம் இரும்புல ஒட்டவே செய்யாது. நானும் புளி போட்டுத் தேச்சுட்டுத்தான் மறுநாள் கீரை வைப்பேன். ஏங்க்கா இப்பிடி முழிக்கிய?”

முழிக்காமல் என்ன செய்வது?

இது ரசம் வைக்கிற வெள்ளீயம் இல்லை, காரீயம், விஷம் என்று சொன்னேன். துரை சிரித்தான். விஷம் என்றால் தனக்கு இத்தனை வருடத்தில் ஒரு காய்ச்சலாவது வந்திருக்க வேண்டாமா என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஆவதில்லையே! அவன் சட்டையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தூசி. அந்தச் சட்டையை இசக்கியின் துணிகளோடு சேர்த்துத்தான் ஊறப்போடுகிறார்கள். அந்தக் கையோடுதான் அவன் பாலை ஆற்றி அவளுக்குக் கொடுக்கிறான்... பாசமாக, தினமும்.

அடுப்பை அணைக்கச் சொன்னேன். பாலைக் கொட்டச் சொன்னேன். பால் என்ன பாவம் செய்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அந்த அறையில் எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

மறுநாளே இரண்டு பேரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் மலையாளி. நமக்காகத் தமிழில் பேசுவார். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அடுக்களையிலயா? ஜன்னல் அடைச்சிட்டா?” துரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சட்டி கழுவினது மட்டும் பிரச்சினை இல்ல. உருக்கும்போது வர்ற புகை, பொடி, எல்லாம் சுவத்துல, துணில, பாத்திரத்துல ஒட்டும். இரும்புச் சத்து குறைஞ்ச சரீரம் ஈயத்தைக் கூடுதலா வலிச்செடுக்கும், இழுத்துக்கும், அறியுமோ? எலும்புல போய் உக்காரும். பின்ன கர்ப்பமானா, அங்கேருந்து இறங்கிக் குழந்தைக்குப் போகும்.”

ரத்த சோகைக்காக நான் கொடுத்த சட்டி. ரத்த சோகை இருந்ததாலேயே அந்தச் சட்டி அவளுக்குக் கூடுதல் கெடுதல் செய்திருக்கிறது. இதைவிடக் கேவலமாக ஒரு உபதேசம் திரும்பி வந்து முகத்தில் அறைய முடியுமா?

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் நான் இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதி ஒப்பேற்றினேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். நானும் அந்தச் சட்டிக் கீரையை இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன் என்பது நடுராத்திரியில் ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்ததும் உண்டு.

ரிசல்ட் வந்தது. துரைக்கு ரத்தத்தில் ஈயம் நன்றாகவே ஏறியிருந்தது. இசக்கிக்கு அவ்வளவு இல்லை. ஆனால் இருக்கக் கூடாத அளவு இருந்தது.

“இப்ப பிள்ளைக்கு அவசரப்பட வேண்டாம்” என்றார் டாக்டரம்மா. “ஈயப் பணி முழுசா நிறுத்தணும். வீட்டை ஈரத் துணி வச்சு துடைக்கணும், துடைப்பம் போட்டு தூசி கிளப்பக் கூடாது. அயர்ன், கால்சியம் ரெண்டும் முக்கியம். கொஞ்ச மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பார்க்கலாம். குறைஞ்சா நான் சொல்றேன்.”

இசக்கி தலையை ஆட்டினாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கேட்டுவிட்டாள்.

“போன வருசம் கலைஞ்சது... இதனாலயாம்மா?”



“அதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது மோளே. இல்லைன்னும் சொல்ல முடியாது. நிறைய காரணம் உண்டு. உன்னோட தப்பு ஒண்ணும் இல்ல, அது மட்டும் உறப்பு, நிச்சயம்.”

வெளியே வந்தோம். இசக்கி மாத்திரை வாங்க கவுண்டருக்குப் போனாள். துரை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பிரசவச் செலவுக்கு ஆவும்னுதான்க்கா அந்த வேலையக் கூடுதலாப் பாத்தேன்” என்றான். “நாந்தானாக்கா?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவனும் அழுதான்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. சுவரில் ஒட்டினேனே, அது. ஒரு வரியாவது துரைக்கு என்று எழுதினேனா? இசக்கியின் தட்டில் என்ன இருக்கிறது என்று தினமும் எட்டிப் பார்த்தேன். அவள் குடிக்கிற சாயாவுக்கு நேரம் குறித்தேன். அவன் என்ன வேலை செய்கிறான், எதைத் தொடுகிறான், என்ன தூசியோடு வீட்டுக்கு வருகிறான் – இதை நானும் கேட்கவில்லை, முதல் தடவை டாக்டரம்மாவும் கேட்கவில்லை, ஊரிலிருந்து போன் போடுகிற மாமியாரும் கேட்கவில்லை.

பிள்ளை வேண்டும் என்றால் பெண்ணைத்தானே பிடித்து உட்கார்த்தி வைத்துப் பத்தியம் சொல்கிறோம்? ஆண் பாட்டுக்கு வெளியே போய் வந்துகொண்டிருப்பான். பெயின்ட் அடிப்பவன், வெல்டிங் செய்பவன், பூச்சிமருந்து தெளிப்பவன், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுபவன்... யாராவது அவனை, “வாப்பா, குழந்தை பிறக்கப் போகிறது, உன்னையும் கொஞ்சம் பார்க்கலாம்” என்று கூப்பிட்டிருக்கிறோமா? பெண்கள் பக்கத்தில் எழுதுகிற நானே கூப்பிடவில்லை. வேறு யாரைச் சொல்ல?

துரை ஈயம் உருக்குவதை நிறுத்திவிட்டான். வலைக் கடை முதலாளியிடம் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசி, இப்போது நைலான் வலை பின்னும் வேலைக்கு மாறிவிட்டான். வீட்டை இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஈரத் துணியால் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அந்தச் சட்டியை எங்கே போடுவது என்று பெரிய பிரச்சினை. குப்பையில் போட்டால் நல்ல சட்டி என்று வேறு யாராவது எடுத்துப்போய்ச் சமைப்பார்களே! துரை யோசித்தான். ஆணியும் சுத்தியலும் எடுத்து, அடியில் நான்கைந்து ஓட்டை போட்ட பிறகுதான் வெளியே அனுப்பினான்.

போன சனிக்கிழமை மறுபடி பிராட்வேக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கினேன். நேராக இசக்கியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எங்கிட்ட வேண்டாம்க்கா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாளில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. “எனக்குச் சொன்னது போதும். அந்தா இருக்காவல்லா, அவியட்டச் சொல்லுங்க.”

துரை அறை மூலையில் உட்கார்ந்து, டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டான்.

“இதுல என்னெல்லாம் செய்யக்கூடாதுன்னு மொதல்லயே சொல்லிருங்கக்கா.”

நான்கு மாதம் தாமதமாக, சொன்னேன்.