துரை தன் இறகைத் தானே பிடுங்கிய கதை

அந்தப் பறவைப் பூங்காவில் பெரிய கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டென்றால் அது துரைதான். துரை ஒரு வெள்ளைக் காக்கட்டூ, கிளி இனம். தலையில் மஞ்சள் கொண்டை, நடையில் ஏக மிடுக்கு, அதனால் அந்தப் பெயர். கழுத்துக்குக் கீழே பார்த்தால் உரித்த கோழி. மார்பு இறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கித் தோலையும் புண்ணாக்கி வைத்திருந்தது.

"புண்ணு ஆழமாப் போச்சுன்னா பிழைக்காதும்மா" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து கொடுத்தாயிற்று, தீனியை மாற்றியாயிற்று, கழுத்தில் பிளாஸ்டிக் காலர் மாட்டியாயிற்று. காலரை அது அரை நாளில் கடித்துத் துப்பியது. கடைசியில் அவளே காவல் நின்றாள். அலகு மார்புப் பக்கம் போனதோ இல்லையோ, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். "ஐயோ, வேணாண்டா கண்ணு, வலிக்கும்டா!" பெற்ற பிள்ளைக்குக்கூட இவள் இப்படி ஓடியதில்லை என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

மகளுக்குப் பிரசவ நேரம் வந்தது. ஒரு மாதம் லீவு போட்டே ஆகவேண்டும். துரையை ஒப்படைக்க வாத்துக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியை விட்டால் ஆளில்லை. அவனோ எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிறவி.

"கண்ணை எடுக்காமப் பாத்துக்கணும் தம்பி. பிடுங்க ஆரம்பிச்சா உடனே ஓடணும்."

"சரிக்கா, சரிக்கா" என்றான், மொபைலைப் பார்த்தபடி. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேரனைக் கொஞ்சும்போதும் மனசு கூண்டில்தான் கிடந்தது. திரும்பி வந்த அன்று, தம்பியைத் திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் போனாள். போய்ப் பார்த்தால் புண் ஆறியிருந்தது. மார்பில் பஞ்சு பஞ்சாகப் புது இறகு. தரையெல்லாம் கிழித்துப்போட்ட அட்டைத் துண்டுகள்.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைக்கா. பழம் வர்ற அட்டைப்பெட்டி சும்மா கிடந்துச்சு, உள்ள போட்டேன். அதைக் கிழிக்கும்போது போய் ரெண்டு கடலை குடுத்துப் பேசிட்டு வருவேன். இறகைப் பிடுங்கினா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

அதற்குள் துரை அவளைக் கண்டுகொண்டது. கொண்டையை விரித்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு புது இறகைப் பிடித்து இழுத்தது. அக்கா திகைத்து நின்றாள். அவள் வராமல் போகவே, அவள் குரலிலேயே அது கத்தியது: "ஐயோ, வேணாண்டா கண்ணு!"

அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பொழுது போகாமல் தொடங்கிய பழக்கமாக இருக்கலாம். ஆனால் இறகைப் பிடுங்கினால் அக்கா வருவாள் என்று அதற்குப் பாடம் எடுத்தது அவள்தான். டாக்டர்மேல் எரிச்சல், தம்பிமேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேலேயே எரிச்சல்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கக்கா" என்றான் தம்பி.

திரும்பி நின்று, கழுவிய தண்ணீர்க் கிண்ணத்தையே மறுபடி கழுவினாள். பின்னால் அந்தக் கத்தல் மீண்டும் மீண்டும் கேட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் பிடுங்குதா?"

"பேசாம இருங்கக்கா."

நெடுநேரம் கழித்து அட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"இப்பப் பாருங்க."

அக்கா திரும்பினாள். துரை பெட்டியின் மூலையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன அழகாக் கிழிக்கிற, சனியனே!" என்றாள்.