வருஷத்துக்கு ஒரு மம்மி

விடுதி வார்டன் வேலைக்குப் பேன் பார்க்கத் தெரிந்தால் போதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளைப் பார்த்து நாள் முழுக்கச் சிரிக்கவும் தெரிய வேண்டும் என்பதை, சேரும்போது யாரும் சொல்வதில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்துகிற பெண் பிள்ளைகள் விடுதியில் நான் வார்டன். உங்களில் யாராவது இதே வேலையில் இருந்தால் இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பட்டாம்பூச்சிச் சுவர்

வருஷா வருஷம் லீவுக்கு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வரும். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சேவை செய்ய வருகிறார்கள். செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தச் சேவை என்னவென்றால், சாப்பாட்டு ஹால் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பட்டாம்பூச்சி வரைவது. அடுத்த குடும்பம் வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் நிர்வாகி ஐயா ஆள் வைத்து அதன்மேல் வெள்ளையடித்துவிடுவார். வருகிறவர்களுக்கு வேலை வேண்டாமா?

குளியலறைக் கதவுக்கோ தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். இந்த முறை சுவரை விட்டுவிட்டு அந்தக் கதவைச் சரிசெய்யச் சொல்லலாமே என்று கேட்டுப் பார்த்தேன். ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்ரூம் கதவு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தா நல்லாவாம்மா இருக்கும்?"

பட்டுப் பாவாடை

இரண்டாம் வகுப்பு மெர்சியின் அம்மா ராணி, ஐயம்பேட்டையில் கூலிக்குத் தறி நெய்கிறவர். புருஷன் இறந்த பிறகு, பிள்ளையாவது படிக்கட்டும் என்று இங்கே விட்டிருக்கிறார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பெற்றவர்கள் வந்து பார்க்கலாம் என்பது விடுதி வழக்கம். ராணி தவறாமல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டுப் போவார். கறை பட்டு விற்காமல் போன பட்டுத் துண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி, கறை மடிப்புக்குள் மறைகிற மாதிரி ஒரு பாவாடையும் தைத்துக் கொடுத்திருந்தார்.

விருந்தாளிகள் வந்த அன்று மெர்சி அதைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். ஐயா பதறிப்போய், சாயம் போன பழைய கவுனை மாட்டிவிடச் சொன்னார். பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. பாவாடையில் என்ன குற்றம் கண்டீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"பட்டு கட்டின பிள்ளைக்கு யாரும்மா பென்சில் பாக்ஸ் வாங்கித் தருவாங்க?"

இரண்டாவது ஞாயிறு

வருகிறவர்களை மம்மி, டாடி என்று கூப்பிடச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேறு. வருஷத்துக்கு ஒரு மம்மி. விமானம் ஏறிப் போன மம்மியைக் கேட்டு ஏங்குகிற சின்னதுகளை மடியில் போட்டுத் தட்டுவது யார்? நான்தான். மெர்சி மட்டும் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டாள்.

அந்தக் குடும்பத்துக்கு வழியனுப்பு விழாவை ஐயா இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தார். ராணி வந்ததும், விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டாம் என்று பின்கட்டில் உட்காரவைத்துவிட்டார். பெற்ற தாயை ஒளித்துவைக்கிற கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? முன்னால் அந்த வெள்ளைக்காரம்மா மெர்சியை மடியில் இருத்தி, போட்டோவுக்காகத் தலைவாரப் போனார். மெர்சி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். "வேணாம், எங்கம்மா வாருவாங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்கட்டுக்குப் போய் ராணியின் கையைப் பிடித்து எல்லார் நடுவிலும் கூட்டிவந்து, "மெர்சி மதர்" என்றேன். ஐயாவின் முகம் செத்துப்போனது. அந்த வெள்ளைக்காரம்மா நல்ல மனுஷிதான், பாவம். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, தாய் இருக்கும்போது குழந்தை ஏன் இங்கே இருக்கிறாள் என்று கேட்டார். அதை ராணியிடம் தமிழில் சொன்னேன். ராணி சீப்பை எடுத்துக்கொண்டு மகளைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தார்.

"நான் நாள் பூரா தறியில உக்காந்துக்கினு இருக்கறேன், அது படிக்கட்டும்னு இங்க வுட்டிருக்கறேன்மா. குடுத்துடல."

அதற்கப்புறம் விருந்தாளிகள் வரும் நாட்களில் என்னையும் பின்கட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் ஐயா. ராணிக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா?