அண்ணிக்குக் காட்டிய கால்

சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு போட்ட வட்டக் கண்ணாடி அது. சந்தையில் சீப்பும் வளையலும் விற்கிற கடைகளில் தொங்குமே, அந்த வகை. பின்பக்கம் ஒரு மயில் படம் ஒட்டியிருந்தது. இப்போது அதில் மயிலின் கழுத்து மட்டும்தான் மிச்சம். நான் இரண்டாவது முறை வளைகுடாவுக்குக் கிளம்பிய அன்று அண்ணி அதை ஒரு பழைய துண்டில் சுற்றி என் பெட்டியில் வைத்தார். முகம் மழிப்பதற்காகத் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு, ரூமில் கண்ணாடி இருக்கிறது என்றேன். “மூஞ்சி பாக்கறதுக்கு இல்ல தம்பி. இத தரையில போட்டு மேல காலத் தூக்கிப் புடி. உள்ளங்காலு தெரியும். தெனம் ஷூவக் கழட்டுனதும் பாக்கணும்” என்றார். பக்கத்தில் நின்றிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. உள்ளங்காலைப் பார்ப்பதற்குக் கண்ணாடி வாங்கித் தந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பை முடிக்காமல் வீட்டை விட்டுப் போனவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் பெயிண்ட் வேலை, நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கொஞ்ச காலம் கான்ட்ராக்ட் என்று எதிலும் நிலைத்ததில்லை. எங்கே போனாலும் கடைசியில் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற இடம் நெய்வேலியில் அண்ணனின் குவார்ட்டர்ஸ்தான். அண்ணன் மைன்ஸில் பர்மனென்ட். அண்ணி காடாம்புலியூர் பக்கம். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பையைப் பார்த்ததும் உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவார். துணியை வாங்கி ஊற வைப்பார். காயப்போட்ட சட்டையில் கரித்தூள் படிவதற்குள் எடுத்து மடித்தும் வைத்துவிடுவார். என்னைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் எல்லாம் அந்த மடிப்பில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாயால் அவர் சொன்னது வேறு: “ஒனக்குக் காலு ஒரு எடத்துல நிக்காது. எங்கியாச்சும் நின்னுடிச்சின்னா சொல்லி அனுப்பு, வந்து பாக்கறன்.”

முதல் முறை வளைகுடாவில் சாரம் கட்டும் வேலை முடித்து லீவில் வந்திருந்தபோது, சாப்பாட்டுக்கு முன்பே ஒரு சொம்புத் தண்ணீரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அண்ணி என்னையே பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் கேட்டேன். “பாலைவனத்துல இருந்துட்டு வந்தவன், குடிக்கட்டும் வுடு” என்றார் அண்ணன். அண்ணி விடவில்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு என்னை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார். சர்க்கரை. பல வருஷமாக உள்ளே இருந்திருக்கும், நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றார் டாக்டர். ஒரு குச்சியால் என் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். சில இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. சாரத்தில் நிற்கிற கால் மரத்துப்போவது இயற்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் அப்பா மைன்ஸில் வேலை பார்த்தவர், அவருக்கும் சர்க்கரை. பூட்ஸுக்குள் ஒரு சின்ன நிலக்கரிச் சில்லு கிடந்து குத்தியது தெரியாமலே நடந்திருக்கிறார். தெரிந்தபோது கால் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு அண்ணிதான் அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் சொல்லித்தான் தெரியும். அன்று வீட்டு வாசலுக்கு வந்தபோது மட்டும், “வலிச்சா தேவல தம்பி. வலிக்காததுதான் தின்னுடும்” என்றார்.

பெட்டி கட்டுவதில் ஒரு சண்டை நடந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்திரி, முறுக்கு, ஊறுகாய் எல்லாவற்றையும் முதலில் வைப்பார்கள். மிச்ச இடத்தில் மாத்திரை. இடம் போதாவிட்டால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சத்துமாவு டப்பாவில் கொட்டிவிடுவார்கள். அங்கே போனதும் வெள்ளை எது, ரோஸ் எது என்று நிறத்தை வைத்து ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொள்வார்கள். அண்ணனும் அப்படித்தான் ஒரு டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தார். அண்ணி அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். முறுக்குப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். மாத்திரையை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைத்தார்.

“முறுக்க எடுத்துட்டு மாத்திரையா? ஊர்ல கேட்டா சிரிப்பானுங்க” என்றார் அண்ணன்.

“சிரிக்கட்டும். ஏர்போர்ட்டுல ஒங்க முறுக்கா வந்து, இது இன்ன மாத்திரைன்னு பதில் சொல்லும்?”

டாக்டரிடம் அவர் கேட்டு வாங்கிய ஒரு விஷயம் எனக்கு அப்போது புரியவில்லை. சீட்டில் மாத்திரையின் கடைப்பெயரோடு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். அங்கே போய் மாத்திரை தீர்ந்தபோதுதான் புரிந்தது. நம் ஊர்க் கடைப்பெயரை அந்த ஊர் மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது. மருந்தின் பெயரைக் காட்டியதும் வேறு அட்டையில் அதே மருந்தை எடுத்துத் தந்தார்கள்.

கேம்ப்பில் எங்கள் அறை முழுக்க இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்று. என் கீழ்க்கட்டிலில் இருந்தவர் குள்ளஞ்சாவடிக்காரர். என்னைவிட மூத்தவர், வாய் கொஞ்சம் அதிகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று எல்லோரும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீட்டுக்குப் பேசுவார்கள். எல்லா மூலையிலிருந்தும் ஒரே பேச்சுத்தான் கேட்கும்: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், ஒன்னும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவன்கூட எழுந்து முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு அதைத்தான் சொல்வான். வீட்டில் இருப்பவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள். முகத்துக்கு முகம் காட்டி இரண்டு பக்கமும் மறைத்துக்கொள்வதற்கு அந்தப் போன் நன்றாக உதவியது.

போன முதல் வெள்ளிக்கிழமையே அண்ணி கேட்டார்: “கண்ணாடியில பாத்தியா? எங்க, காலக் காட்டு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி அம்மாவுக்குச் சமம். அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது கிடையாது. தூங்கும்போதுகூட அவர் நடக்கிற பக்கம் கால் நீட்ட மாட்டேன். அந்த முகத்துக்கு நேராக உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவதா? “நல்லா இருக்கேன் அண்ணி” என்றேன்.

“ஒன் மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. நான் காலக் கேக்கறன்.”

முடியவே முடியாது என்றேன். சிக்னல் சரியில்லை என்றேன். பிறகு படம் ஆடியது. குவார்ட்டர்ஸின் சிமெண்டுத் தரை தெரிந்தது. அப்புறம் திரை நிறைய இரண்டு உள்ளங்கால்கள். கரித்தூள் ஏறிக் கறுத்த, குதிகால் வெடித்த, என் அண்ணியின் கால்கள். பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: “இந்தா, என் காலு. நல்லா பாத்துக்கோ. இப்ப சரிக்குச் சரி ஆயிடிச்சி. நீ காட்டு.”

குள்ளஞ்சாவடிக்காரர்தான் எழுந்து வந்து போனை வாங்கினார். “யோவ், பெரிய மனுஷி காலத் தூக்கிக் காட்டறாங்க, ஒனக்கு இன்னாய்யா வெக்கம்? தூக்குய்யா!” என்று என் கணுக்காலைப் பிடித்தார். “அண்ணி, தெரியுதுங்களா? நாத்தம் வராத வரைக்கும் ஒங்களுக்கு அதிர்ஷ்டம்ங்க.” அண்ணி சிரித்த சத்தத்தில் போன் அதிர்ந்தது. விரல் இடுக்கைக் காட்டச் சொன்னார், நகத்தைக் காட்டச் சொன்னார், அழுத்திப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வந்தாலே யாராவது கத்துவார்கள்: “யோவ், அண்ணி லைன்ல வர்ற நேரம், போய் காலக் கழுவிக்கினு வா.” கொஞ்ச நாளில் அறையில் சர்க்கரை இருந்த மற்றவர்களும் தங்கள் வீட்டுக்குக் கால் காட்டத் தொடங்கினார்கள். கண்ணாடி கட்டிலுக்குக் கட்டில் போய்வந்தது.

உச்சி வெயில் காலம் அது. கொஞ்ச நாளாக நான் கண்ணாடியை எடுக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் படுக்கைதான். அந்த வெள்ளிக்கிழமை இடது காலைக் காட்டியபோது அண்ணி, “இரு. பெருவெரலுக்குப் பக்கத்து வெரலுக்குக் கீழ இன்னா அது?” என்றார். குள்ளஞ்சாவடிக்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒரு சின்னக் கம்பித் துண்டு உள்ளே ஏறியிருந்தது. சுற்றிலும் வெள்ளையாக ஊறியிருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நின்று சாரம் கட்டினேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு துளி வலி இல்லை.

கிளினிக்குக்குப் போகப் பயமாக இருந்தது. புண் என்று போனால் அன்ஃபிட் என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது கேம்ப்பில் எல்லோருடைய பேச்சு. நாமே பிடுங்கி மஞ்சள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். வீட்டிலிருந்து வந்த ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, பாதி போட்டுக்கொள் என்றார் இன்னொருவர். அண்ணி போனை வைக்கவில்லை. “அனுப்புனா வா தம்பி. வூடு இருக்குது, சோறு இருக்குது. ரெண்டு காலோட வா” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

போனேன். மலையாளி நர்ஸ் ஒருவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், பழக்கத்தில், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். “பின்னே எந்தினா வந்நது?” என்று, அப்படியானால் எதற்கு வந்தாய் என்று, கேட்டார் அவர். கூட வந்த குள்ளஞ்சாவடிக்காரர் என் செருப்பைக் கழற்றிக் காலை அவர் முன் நீட்டினார். டாக்டரிடம் அண்ணி வைத்துவிட்ட சீட்டைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டினாலும் அந்தச் சீட்டு சொன்ன அளவுக்கு நான் சொல்லியிருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சீழ் எலும்புக்கு அருகில் போய்விட்டது என்று பெருவிரலுக்கு அடுத்த விரலை எடுத்தார்கள். கால் நின்றது. சாரம் ஏற வேண்டாம் என்று ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். என்னை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அண்ணியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். குறிஞ்சிப்பாடியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வெளிநாடு கிளம்புகிற பையன்கள் சிலர் என்னிடம் வந்து பேசுவதுண்டு. வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் உடம்பைப் பற்றிச் சொல்வேன். மாத்திரையைப் பிதுக்காதே, அட்டையோடும் சீட்டோடும் கொண்டுபோ. இங்கே கடையில் சும்மா கிடைக்கிற சில வலி மாத்திரையும் இருமல் மருந்தும் அங்கே சீட்டில்லாமல் வைத்திருந்தால் குற்றம். எது ஆகாது என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள். இன்ஷூரன்ஸ் கார்டு தந்தால் உன் சட்டைப்பையில் இருக்கட்டும். மூத்திரம் மஞ்சளாகப் போனால் நீ குடிக்கிற தண்ணீர் போதவில்லை. சர்க்கரை இருந்தால் பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்லி வை, நீ மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். டாக்டரிடம் போய் நல்லா இருக்கேன் என்று சொல்லாதே. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பெட்டியில் முறுக்குதான் கொண்டுபோவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஓர் அண்ணி இருந்தார்.

அண்ணன் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அண்ணிக்கும் சர்க்கரை வந்துவிட்டது. கண் மங்கல். அவர்களுடைய மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடுவாள். போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். அண்ணி தலை வாரி, பொட்டு வைத்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்து, “நல்லா இருக்கம்மா, எனக்கு ஒன்னும் இல்ல” என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போனபோது ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார்.

என் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். “அண்ணி, காலக் காட்டுங்க.”

புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார். “கொழுந்தனார்கிட்ட காலக் காட்டறதா? நல்லா இருக்குது போ. ஒங்கண்ணன் இன்னா நெனைப்பாரு?”

“நான் ஒன்னும் நெனைக்கல. காட்டித் தொலை” என்றார் அண்ணன், உள்ளேயிருந்து.

“எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. நல்லாத்தான் இருக்கன்.”

“ஒங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்குது அண்ணி. நான் காலக் கேட்டன்.”

நான் செருப்பைக் கழற்றி, ஒரு விரல் குறைந்த என் இடது காலைத் தூக்கி அவர் முன் நீட்டினேன். மங்கலான கண்ணால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, விரல் இல்லாத இடத்தைத் தொட்டுத் தடவினார். தடவிக்கொண்டிருக்கும்போதே, புடவைக் கரையை மெல்ல ஒதுக்கினார்.

பாதம் கறுத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். இங்கேயும் வந்து படிகிற கரித்தூள் துணியோடு வந்துவிட்டது. குதிகால் ஓரத்தில் ஒரு இடம் மட்டும், எவ்வளவு துடைத்தும், அப்படியே இருந்தது. ஒரு விரல்நுனி அளவுதான். கண்ணாடியைத் தரையில் வைத்து அவருக்குத் தெரிகிற மாதிரி சாய்த்தேன்.

“வலிக்குதா அண்ணி?”

“இல்ல” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டவர்போல நிமிர்ந்தார். உள்பக்கம் திரும்பி, “என்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும், சட்டயப் போடுங்க” என்றார்.