நான் தாண்டிப் படித்த ஏழு வரிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. ஞாயிறுதோறும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு சபையே கண்ணை மூடி முழங்காலில் நிற்க, சத்தமாக முட்டாள்தனம் செய்தவன்.

எங்கள் தீவில், போ பசான் ஊரில், எங்கள் தமிழ்ச் சபை சின்னது. தகரக் கூரை, பன்னிரண்டு பெஞ்சு. வீட்டில் எல்லோரும் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். ஆராதனை மட்டும் தமிழில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஜெபப் புத்தகம் என் கைக்கு வந்தது. போதகர் மட்டும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் படிப்பது தமிழா பிரெஞ்சா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். மற்றவர்களுக்கு அந்தச் சந்தேகமும் இல்லை. நான் எங்கே மூச்சு வாங்குகிறேனோ அங்கே “ஆமென்” சொல்வார்கள். ஒருநாள் தும்மலுக்காக நிறுத்தினேன். அதற்கும் ஒரு ஆமென் கிடைத்தது.

முதலில் ராஜாவுக்காக ஜெபம், ராஜா போனபின் ராணிக்காக. பிறகு கவர்னர், மழை, நோயாளிகள். கடைசியில் போதகருக்காக ஏழு வரி. அதில் எல்லாமே நாக்கைச் சுளுக்கவைக்கும் சொற்கள். எனக்கு மூன்று நிமிஷம் பிடிக்கும். ஒரு ஞாயிறு பக்கத்து ஊரான ரோஸ் ஹில்லில் பந்தாட்டம். மரத்தடியில் நிழலாக இடம் பிடிக்க மூன்று நிமிஷம் என்பது பெரிய விஷயம். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ‘ராஜா எங்கேயோ இருக்கிறார், அவருக்கு ஜெபம் வேண்டியதுதான்; போதகர் இதோ கண்ணெதிரே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாரே, அவருக்கெதற்கு’ என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் திருப்பினேன். இப்படியே ஆறு வருஷம்.

அந்த ஆறு வருஷத்தில் போதகர் ரோஷ் புவாவில் காய்ச்சலில் கிடந்த துறைமுகக் கூலிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். கரும்புத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் தெற்குக் கரையில் செமின் கிரனியே வரைக்கும் போய் வீடு வீடாக விசாரித்தார். இங்கேயோ இளசுகள் ஒவ்வொருவராகப் பிரெஞ்சில் பாடும் பெரிய கோவிலுக்கு நகர்ந்தார்கள். நாலு பெஞ்சு நிரம்பினால் எங்களுக்குப் பண்டிகை.

ஒரு ஞாயிறு போதகர் பிரசங்க மேடையில் ஏறினார். வசனம் வாசித்தார். வேதத்தை மூடினார். “இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை” என்று இறங்கிவிட்டார். சீக்கிரம் முடிந்ததே என்று துள்ளிக் குதித்துப் பந்தாட்டத்துக்கு ஓடியவன் நான்தான்.

என் மனைவி கிரியோலில் திட்டினால் அரை மணி நேரம் ஆகும். அன்று ராத்திரி திட்டியதைத் தமிழில் சுருக்கினால்: “போதகர் ஐயா மூணு நாளா அடுப்பே மூட்டலையாம். நீங்க யாரு கோல் போட்டாங்கன்னு சொல்லிட்டு நிக்கிறீங்க. போய்ப் பாருங்க!”

மறுநாள் ஆபீஸ் விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போனேன். புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன ஐயா, புத்தகமெல்லாம் தப்பி ஓடப் பார்க்குதா?”

வழக்கமாகச் சிரிப்பவர் சிரிக்கவில்லை. “ஊருக்குப் போகிறேன், தம்பி. ஜெபம் வரமாட்டேன் என்கிறது. வாய்தான் அசைகிறது. இப்படி இருந்துகொண்டு உங்களுக்கு என்ன போதிப்பேன்?”

ஏழு வரி, பந்தாட்டம், மரத்து நிழல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“நீங்கள் அதை விட்டுவிடுவது தெரியும்” என்றார். “முதல் மாதம் மறதி என்று நினைத்தேன். அப்புறம், சபையார்தான் உங்களிடம் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று.”

“ஐயோ, அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாதே ஐயா! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“என்னவென்று? எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றா?”

எல்லார் வீட்டுச் சுமையையும் முழங்காலில் சுமந்த மனுஷர். அவரைச் சுமக்க வாரத்துக்கு மூன்று நிமிஷம் வைத்திருந்தது சபை. அதையும் நான் தின்றுவிட்டேன். நாங்கள் ஜெபித்திருந்தால் அவர் தாங்கியிருப்பாரா, தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

“இந்த ஞாயிறு படிக்கிறேன் ஐயா. இரண்டு தடவை படிக்கிறேன். கிரியோலில் அர்த்தமும் சொல்கிறேன். எல்லோரும் உங்களுக்காக ஆண்டவரிடம் கேட்கட்டும். இருங்கள், ஐயா.”

அவர் முடிச்சை இறுக்கினார்.

“கப்பல் வெள்ளிக்கிழமை.”