மெஷினில் தொங்கிய பேட்ஜ்

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று எழுதி வைக்கிற உத்தியோகம் எனக்கு. கண்ணுக்குத் தெரியாததை எழுதிச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்களே, என் பயம் உங்களுக்காவது புரியும்.

நோட்டா, அட்டையா?

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ஆளுக்கொரு பேட்ஜ், உள்ளே சின்ன ஃபிலிம். மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். மாதம் முடிந்ததும் ஃபிலிம் அளந்து பார்க்கப் பம்பாய்க்குப் போகும். யார் மேல் எவ்வளவு பட்டது என்று காகிதம் வரும். அதை மாதவாரியாக ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார்கள். ஒரு ஆளுக்கு மொத்தம் எவ்வளவு என்று பார்க்க நோட்டு முழுக்கப் புரட்ட வேண்டும். யாருக்காவது அளவு மீறி, நான் கவனிக்காமல் விட்டால்? தூக்கமே போய்விட்டது. ஆளுக்கொரு அட்டை போடலாம் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "நோட்டுன்னா, தொலைஞ்சா ஒண்ணுதான்யா தேடணும்."

ஓரத்தில் ஓட்டை

விடுவேனா? பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலையில் பூ விழ ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிற ஏகாம்பரத்திடம் மிச்ச அட்டை வாங்கினேன். அளவு மீறின மாதத்துக்கு ஓரத்தில் ஒரு ஓட்டை, எடுத்ததும் தெரியும் என்று விளக்கினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க தப்பா குத்தினா ஒரு பூ கெடும், அவ்ளோதான். நீங்க ஆள் மேல குத்தறீங்க, பாத்து சார்."

பூஜை போட்ட பேட்ஜ்

சரசு டார்க் ரூம் உதவியாள்; படம் எடுக்கும்போது குழந்தைகளைப் பிடித்துக்கொள்வதும் அவள்தான். ஆறு மாதக் கர்ப்பம். பம்பாய்க் காகிதத்தில் அவள் பெயருக்கு நேரே இருந்த எண் அளவு மீறியிருந்தது. ஓட்டை குத்தக் கை வரவில்லை. எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன்.

மெஷின் கழுத்தில், குங்குமப் பொட்டோடு அவள் பேட்ஜ் தொங்கியது. டெக்னீஷியன் கோவிந்தசாமி ஆயுத பூஜையன்று கட்டினாராம். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிறோமே, அதுபோல வருகிற கதிரையெல்லாம் பேட்ஜ் இழுத்துக்கொள்ளும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினாராம். நல்ல மனுஷர், என்ன சொல்ல! பக்கத்தில் நின்ற சரசுவும் நம்பியிருக்கிறாள்.

அந்த எண் மெஷின் மேல் பட்டதுதாம்மா, உன் மேல் பட்டதில்லை என்றேன். எனக்குப் போன உயிர் திரும்பியது. அவளுக்குத் திரும்பவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ தெனம் கொழந்தைங்கள புடிச்சிக்கினு நின்னேனே, என் மேல பட்டது எங்க சார் எழுதியிருக்குது?"

ஆக, கையெழுத்து அழகு, அட்டை வரிசை சுத்தம், அளக்க வேண்டிய ஆளை மட்டும் ஒருத்தரும் அளக்கவில்லை.