சேரைப் பார்த்து நின்ற மூவர்

போன புதன்கிழமை காலை, எங்கள் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு வெறும் நாற்காலிக்கு அறிக்கை கொடுத்தோம். (நாளும் கிழமையும் பிசகினால் எனக்குத் தூக்கம் வராது. புதன்தான்.)

வாவிக்கரையோரம் மாடியில் இயங்கும் சின்ன சொஃப்ட்வெயார் கம்பனி எங்களுடையது. மற்றவர்கள் செய்வதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. தினமும் காலையில் ‘ஸ்டாண்ட்-அப்’ – நின்றுகொண்டே பேசும் கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடை? அவ்வளவுதான். நின்றால் கால் வலிக்கும், வலித்தால் பேச்சுக் குறையும் என்பது கண்டுபிடித்தவர்களின் கணக்கு. விடிய விடியக் கோவில் சடங்கில் நிற்கிறவர்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்!

எங்கள் கூட்டம் பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனை மாதிரி. முன்னால் நிற்பவர் எங்கள் லீடர் ஜெயந்தன் சேர். நாங்கள் அவரைப் பார்த்தபடி. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பார். யார் கேட்பது? கடைசியில் எல்லாருக்கும் ஒரே வரி: “பிரச்சினை ஒண்டும் இல்ல சேர்.”

ஆனால் இம்முறை பிரச்சினை இருந்தது. வியாழனன்று ஓட்டமாவடி அரிசி ஆலை முதலாளி டெமோ பார்க்க வருகிறார். தராசில் மூட்டையை வைத்தால் திரையில் பில் வர வேண்டும். பில் திரை, புதிதாகச் சேர்ந்த காத்தான்குடி ரிஸ்லாவின் பொறுப்பு. டெமோ சரிவந்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். தராசை இணைப்பது குருக்கள்மடத்து நிரோஷன்.

புதனன்று சேர் பழுகாமத்தில் சடங்கு என்று லீவு. நாங்கள் பழக்கதோஷத்தில் அவர் நாற்காலியைப் பார்த்து நின்றோம். நிரோஷன் அதனிடம் “பிரச்சினை ஒண்டும்...” என்று தொடங்கி, தானே சிரித்துவிட்டான். முதல் தடவையாக ரிஸ்லா அவன் பக்கம் திரும்பினாள்.

“நிரோஷன் அண்ணா, தராசுட எடைய எப்ப அனுப்புவீங்க? திங்கள்ல இருந்து பாத்துக்கிட்டு இரிக்கன்.”

“என்னது? எடை எப்பிடி வரணும் எண்டு நீங்க எழுதித் தந்தாத்தானே நான் அனுப்பலாம்! நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கன்.”

“மறுகா ஏன் கேக்கல்ல?”

“சேருக்கு முன்னால கேட்டா உங்களக் காட்டிக்குடுக்கிற மாதிரி வருமே தங்கச்சி.”

“நானும் அதுக்குத்தான் வாய மூடிக்கிட்டு இரிந்தன்!”

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் மரியாதையால் கவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள்! ஒரு கூட்டத்தில் மிக ஆபத்தானது சண்டை அல்ல... நாகரிகம்.

அன்று மாலைக்குள் திரையும் தராசும் பேசிக்கொண்டன. வியாழனன்று ஆலை முதலாளி, மூட்டைக்குப் பதிலாகத் தானே தராசில் ஏறி நின்றார். அவருக்கே அரிசி விலையில் பில் வந்தது.

“நம்மட பெறுமதி இவ்வளவுதானா புள்ள?” என்று ரிஸ்லாவிடம் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் வேலை அன்றைக்கே நிரந்தரமானது.

கதை முழுவதும் கேட்ட சேருக்கு முகம் வாடிவிட்டது. “அப்ப நான்தான் தடையா?” பிறகு அவரே முடிவையும் சொன்னார்: “சரி, இனி நான் பின்னுக்கு நிக்கிறன். நீங்க உங்களுக்குள்ள கதையுங்க.”

வெள்ளிக்கிழமை காலை சொன்னபடியே பின்னால் போய் நின்றார்.

நாங்கள் மூவரும் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றோம்.