ஆடாதவனுக்குத் தைத்த பெயர்

டெக்சாஸில் ஒரு சின்ன காலேஜின் ஃபுட்பால் டீமுக்கு எக்விப்மென்ட் மேனேஜராகச் சேர்ந்த நான்காவது நாள் அது. ஜெர்சிகளுக்குப் பெயர் தைத்து முடித்துவிட்டுப் பெருமையாக நின்றிருந்தேன். உள்ளே வந்த கோச் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வசந்தி, இதை யாரு செய்யச் சொன்னது?"

அவர் பேசியது ஆங்கிலம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன், கோபத்தைக் கொஞ்சம் குறைத்து.

இந்த ஊர் ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மறித்துச் சாய்ப்பதும்தான். ஹெல்மெட், ஷோல்டர் பேட், ஜெர்சி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பது, துவைப்பது, தைப்பது என் வேலை. நான் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருஷம் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பாதி ஜெர்சிகளின் முதுகு பெயரில்லாமல் மொட்டையாகக் கிடந்தால் கை சும்மா இருக்குமா? போன மேனேஜர் சரியான சோம்பேறி என்று முடிவு கட்டி, மூன்றே நாளில் எல்லாவற்றுக்கும் பெயர்ப்பட்டை தைத்துவிட்டேன்.

"இந்த டீம் ஆரம்பிச்சப்ப எல்லாருக்கும் ஜெர்சி வாங்க வழியில்ல," என்றார் கோச். "உள்ள போறவன், வெளிய வர்றவனோட ஜெர்சியைக் கழட்டி மாட்டிட்டுப் போவான். ஆடி முடிச்சதும் அதோட உள்பக்கம் மையில பேரு எழுதுவான். அந்தப் பழக்கம்தான் இன்னிக்கும். மேட்ச்ல ஒரு ப்ளேயாவது ஆடினவனுக்குத்தான் முதுகுல பேரு. நாளைக்கு மேட்ச். புதுப் பசங்களோடத எல்லாம் பிரிச்சிடுங்க."

ப்ளே என்பது ஒரு சுற்று. பந்து கிளம்பியதிலிருந்து விசில் ஊதும்வரை சில நொடிகள், அவ்வளவுதான்.

அவமானத்தில் முகம் சிவக்க உட்கார்ந்து பிரித்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அது அருண் சுப்பிரமணியத்தின் ஜெர்சி. ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் வளர்ந்த தமிழ்ப் பையன், காலேஜில் நான்காவது வருஷம். நான்கு வருஷமாக டீமில் இருப்பவன் ஆடாமலா இருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வரும். நம்ம ஊர்ப் பெயராயிற்றே என்று ஆசையாக டபுள் தையல் வேறு போட்டிருந்தேன்.

மறுநாள் மதியம், ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அருண் ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஆன்ட்டி, வாட் இஸ் திஸ்? நான் இன்னும் ஒரு ப்ளேகூட ஆடல. ப்ளீஸ், ரிமூவ் பண்ணிடுங்க."

"நாலு வருசத்துல ஒருக்காகூடவா எறக்கி உடல?"

"நோ ஆன்ட்டி."

"உங்கம்மா வேற வந்திருக்காங்க கண்ணு. இன்னைக்கு ஒருநாள் இருந்துட்டுப் போகட்டுமே."

"அம்மாக்கு இந்த ரூல் தெரியும். நான் ஆடாம பேர் மட்டும் போட்டுட்டுப் போனா அவங்க எப்படி ஃபீல் பண்ணுவாங்க?"

தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். திருப்பூர் டபுள் தையல் லேசில் பிரியுமா? பாதி முடிவதற்குள் டீமைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் அப்படியே மாட்டிக்கொண்டு ஓட, நான் கொக்கியும் கையுமாகப் பின்னால் ஓடினேன். மைதானத்தின் ஓரத்தில் ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று, அவன் முதுகில் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்தேன். பின்னால் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. முன்வரிசையில் இருந்த பழைய மாணவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தார்கள். அவன் அம்மாவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமே வரவில்லை.

கடைசி மூன்று எழுத்துதான் பாக்கி. அப்போது நம் ஆள் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தான். அடுத்து நாம் பந்தை உதைக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் எதிர் டீம்காரனை மறிக்க ஓர் ஆள் குறைந்தது.

கோச் திரும்பினார். "சுப்ரா! போ!"

அருண் ஒரு நொடி நின்றான். "டேய், ஓட்றா சாமி!" என்று நான் போட்ட கத்தலில் ஐஸ் பெட்டியே ஆடியது. அவன் பறந்தான். பிரித்த பட்டை முதுகில் வால் மாதிரி படபடத்தது. எதிர் டீம்காரன் ஒருவன் மோதியதில் அருண் பொத்தென்று மல்லாந்து விழுந்தான். போச்சு என்று வாயைப் பொத்திக்கொண்டேன். விழுந்த வேகத்தில் அப்படியே உருண்டான். பந்தோடு வந்தவன் இவன்மேல் தடுக்கிக் குப்புற விழுந்தான். விசில் ஊதியது!

அரங்கமே எழுந்தது. அவன் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "என் பையன்! அது என் பையன்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு வேலிவரை ஓடிவந்துவிட்டார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

உடம்பெல்லாம் புல்லும் மண்ணுமாக வந்த அருண் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஆன்ட்டி, இப்ப தைங்க."

ஊசியில் நூல் கோத்தேன். அந்தப் பக்கமாக வந்த கோச், "டபுள் தையலா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லா இழுத்துத் தைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் வாரம் எதையும் திருத்தப் போகாதீர்கள், கேளுங்கள். உங்களுக்கு மொட்டையாகத் தெரிகிற இடத்துக்காக ஒருவன் நான்கு வருஷமாகக் காத்துக்கொண்டிருப்பான்.